நாற்காலியில் உட்கார்ந்து கட்டிய பாலங்கள்

என் அக்காவின் கணவர் இருநூற்றுப் பதினான்கு பாலங்கள் கட்டியவர். கையில் சிமெண்ட் பட்டதில்லை, காலில் சேறு ஒட்டியதில்லை. எல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே. அலுவலகத்தில் அவருக்குப் 'பாலம்' என்று பெயர், முதுகுக்குப் பின்னால்தான். அவர் வீட்டு வாசலில் சாக்கடை மேல் போட்ட கல் உடைந்து ஆறு வருஷம் ஆகிறது. இன்னும் எல்லோரும் தாண்டித்தான் உள்ளே போகிறோம்.

ராணுவத்துக்கு டிஜிட்டல் வரைபடம் தயாரிக்கிற அலுவலகம் எங்களுடையது. செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துச் சாலை, ஆறு, கட்டடம் என்று ஒவ்வொன்றையும் கணினியில் வரைந்து, விதிப்படி விவரம் சேர்த்துத் தருவோம். அதை ஒரு மென்பொருள் சோதிக்கும். சாலை ஆற்றைக் கடக்கும் இடத்தில் பாலம் இல்லையென்றால் சிவப்புப் புள்ளி வைக்கும். பிரிவுத் தலைவரான அத்தானுக்குச் சிவப்புப் புள்ளி ஆகவே ஆகாது.

முறைப்படி என்றால் ஆள் அனுப்பிப் பார்க்க வேண்டும். அதற்கு மூன்று வாரம். அத்தான் மூன்று நொடியில் ஒரு பாலத்தை வைத்துவிடுவார். எத்தனை டன் தாங்கும் என்று மென்பொருள் கேட்கும். நாற்பது என்று போடுவார். ஏன் நாற்பது என்று ஒரு தடவை கேட்டேன்.

"முப்பதுன்னா லாரி எப்படிப் போகும்னு கேப்பாங்க. அறுபதுன்னா யாரு கட்டினாங்கன்னு கேப்பாங்க. நாப்பதுன்னா ஒருத்தனும் வாயைத் தொறக்க மாட்டான்டா."

இந்த ஞானத்துக்குத்தான் பிழையே இல்லாத பிரிவு என்று வருஷா வருஷம் கேடயம். சரிபார்த்தவர் என்ற இடத்தில் கையெழுத்து என்னுடையது. வேலை வாங்கிக் கொடுத்தவர் அவர். நான் மட்டும் என்ன பெரிய யோக்கியன்?

போன மழையில் அணையைத் திறந்துவிட்டார்கள். அத்தானின் மகள் கைக்குழந்தையோடு மாமியார் வீட்டு மாடியில் மாட்டிக்கொண்டாள். ராணுவ லாரிகள் படகுகளை ஏற்றிக்கொண்டு இரண்டு ஊர்களுக்குப் புறப்படத் தயாராயின. ஒன்று மகள் இருந்த ஊர். மற்றது அதற்கு மேலே, அதே ஆற்றோரம். பாதைகளை அச்சிட்டுத் தரச் சொல்லி எங்களுக்குத்தான் அனுப்பினார்கள். தாளைப் பார்த்த அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. பாதைக்கு ஒரு பாலம். இரண்டும் அவர் கைங்கரியம்.

சொன்னால் வேலை போகலாம். சொல்லாவிட்டால் மகளும் பேரக்குழந்தையும். சட்டை நனைய வியர்த்து, தொலைபேசியை எடுத்தார்.

"சார், முதல் பாதையில இருக்கற பாலம் பழைய படத்தை வச்சுப் போட்டது. இப்ப இருக்கான்னு சந்தேகமா இருக்கு. சுத்திப் போயிடுங்க சார்."

"ரெண்டாவது பாதை?" அதிகாரியின் குரல் எனக்கே கேட்டது.

அத்தான் என்னைப் பார்த்தார். ஒரு சந்தேகம் சொன்னால் பொறுப்பான ஆள். இரண்டு சொன்னால் விசாரணை.

"அது சரியா இருக்கு சார். நாப்பது டன் தாங்கும்."

பக்கத்தில் நின்ற நான் அந்தப் பாதைத் தாளில் சரிபார்த்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அதை நினைத்தால் இன்றும் என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

மகள் அன்று மாலையே பத்திரமாக வந்து சேர்ந்தாள். தக்க சமயத்தில் எச்சரித்ததற்காக அந்த வாரக் கடைசியில் அத்தானுக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அதைச் சுவரில் மாட்ட அக்கா ஆணி தேடிக்கொண்டிருந்தாள். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டியபடி மகள் கேட்டாள்.

"அப்பா, மேல் ஊருக்குப் போன லாரி ஆத்தங்கரையோட திரும்பிடுச்சாமே. மறுநாள்தான் படகு போச்சாம். அதுக்குள்ள கூரை மேல இருந்தவங்கள்ல ரெண்டு பேரைத் தண்ணி இழுத்துட்டுப் போயிடுச்சு. அங்க பாலமே கிடையாதாப்பா?"

"இருந்துச்சும்மா," என்றார் அத்தான் கூசாமல். "வெள்ளம் அடிச்சுட்டுப் போயிருக்கும்."

திங்கட்கிழமை அலுவலகத்துக்கு வந்ததும் அந்த இரண்டு பாலங்களுக்கும் 'வெள்ளத்தில் அழிந்தது' என்று பதிந்தார். மென்பொருள் ஏற்றுக்கொண்டது.

"மிச்சப் பாலத்தையெல்லாம் என்ன பண்றது அத்தான்?" என்று கேட்டேன்.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"அங்கல்லாம் இன்னும் வெள்ளம் வரலியே."