கரி பூசிய ஆப்பிரிக்கா

1. கடற்கரைச் சாலையில் ஆண்டுதோறும் நடக்கும் ஆப்பிரிக்கக் கலைத் திருவிழாவில் ஒலியமைப்பு அப்போது என் பொறுப்பு.
2. ஆட வந்த கென்ய மாணவி கிரேஸை, பாஸ் இல்லையென்று அமைப்பாளர் தடுப்புக்கு வெளியே நிறுத்தினார்.
3. முகத்தில் கரி பூசிய உள்ளூர் இளைஞர்களை ஊர்வலத்துக்குள் விட்டார்.

"சார், ஆப்பிரிக்கா வெளிய நிக்குது" என்றேன்.

"டூரிஸ்ட்டுக்கு இவனுங்களே போதும்மா. நீ பாட்டப் போடு."

ஒலியை அணைத்தேன். ஊர்வலம் நின்றது.

"திமிரா உனக்கு?" என்று கத்தியவர், கூட்டம் திரும்பிப் பார்த்ததும் தடுப்பை விலக்கினார்.

கிரேஸ் அசையவில்லை. இங்கே பழகிய தமிழில் சொன்னாள்: "மொதல்ல அவங்க மூஞ்சி கழுவட்டும் சார். அப்புறம் ஆடறேன்."

அவர் கழுவச் சொல்லவில்லை. நான் பாட்டுப் போடவில்லை. பொறுமைசாலி என்று எனக்கிருந்த பெயர் அன்றோடு போனது, போகட்டும்.

இப்போது ஒலியமைப்பு வேறொருவருக்கு. கிரேஸுக்கு அழைப்பில்லை. இன்னும் கரி பூசுகிறார்கள்.