அக்கினி மூலையில் புகைக்கூடு இல்லை

காமீன் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேருக்குக் குளிரே இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையே இது எனக்குத் தெரிந்துவிட்டது. காமீன் என்றால் வீட்டுக்குள் விறகு எரிக்கிற, கண்ணாடிக் கதவு போட்ட அடுப்பு. ஜெர்மனியில் ஹம் நகரத்தில் அதை விற்றுப் பூட்டிக் கொடுக்கிற கடை ஒன்றில் நான் ஆவுஸ்பில்டுங் செய்கிறேன். அதாவது கிழமையில் சில நாள் தொழிற்பள்ளி, மிச்ச நாள் கடையில் போன் எடுப்பது.

போன் எடுத்துக் காது தேய்ந்த சகபாவிகளே, இந்தக் கதையின் கடைசியில் ஒரு சிரிப்பு இருக்கிறது. நல்ல சிரிப்பு. யோகன் மாமாவின் முகத்தை நினைத்து நான் பஸ்ஸில் தனியே இருந்து சிரிக்கப்போய், பக்கத்தில் இருந்த மனிசி எழும்பி வேறு சீட்டுக்குப் போனா. ஆனால் அதை இப்பவே தரமாட்டேன். எங்கள் கடையில் இன்றைக்கு அடுப்பை வாங்கி இன்றைக்கே மூட்ட விடுகிறோமா? இல்லையே. நீங்களும் கொஞ்சம் பொறுங்கோ.

சத்தம் தேடி வந்த அம்மா

கடை நடுவில் ஓர் அடுப்பு எப்போதும் எரியும், பார்க்க வருகிறவர்களுக்காக. செவ்வாய்க்கிழமைகளில் வயதான ஒரு ஜெர்மன் அம்மா வந்து, மழைக்கோட்டைக் கழற்றாமலே அதற்கு முன்னால் இருப்பா. எழும்பும்போது அந்த அடுப்பின் விலையைக் கேட்பா. முதலாளி போன கிழமை சொன்ன விலையையே சொல்லுவார். அவ இருப்பது அடுக்குமாடியில். அங்கே புகைக்கூடே கிடையாது. அது அவவுக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும்.

ஒருநாள் முதலாளி நல்ல மனசோடு மின்சார அடுப்பு ஒன்றைக் கொண்டுவந்து செருகிக் காட்டினார். விறகு வேண்டாம், புகை வராது, விளக்கு வெளிச்சத்தில் நெருப்பு ஆடும். அம்மா குனிந்து அதற்குக் கிட்டக் காதைக் கொண்டுபோனா. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு நிமிர்ந்து சொன்னா: "சூடு எனக்கு ரேடியேட்டரிலேயே வருகிறது. வீட்டில் என்னைத் தவிர இன்னொன்று சத்தம் போடவேண்டும், அவ்வளவுதான்."

முதலாளியின் அன்பு

நான் ஒற்றைப் பிள்ளை. அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் பின்னேர வேலை, அப்பாவுக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை. பள்ளியால் வந்து சோற்றைச் சூடாக்கிக்கொண்டு, டீச்சர், பஸ் டிரைவர், கோயில் ஐயர், ரேடியோ அக்கா என்று நானே மாறிமாறிக் கதைத்துச் சாப்பிடுவது சின்ன வயசுப் பழக்கம். அதனால் முதலாளியின் குரலும் வெகு சீக்கிரம் என் தொண்டைக்குள் வந்து குடியேறிவிட்டது. அவர் எதைச் சொல்லமுதலும் இரண்டு தரம் உறுமுவார். அந்த உறுமல் பிடிபட்டால் மிச்சம் தானாக வரும்.

அவர் பின்வளவில் லொறி இறக்கிக்கொண்டு நின்ற நேரம் அவருடைய மனைவி போன் எடுத்தா. நான் உறுமினேன். வரும்போது உருளைக்கிழங்கு வாங்கி வரட்டாம். சரி என் செல்வமே, உனக்கு இன்றைக்கு நாள் எப்படிப் போனது என்று கேட்டேன். அந்தப் பக்கம் ரேடியோ நின்றது. பிறகு முதலாளியின் பெயரைச் சொல்லி மெல்லக் கேட்டா: "கிளவுஸ், டாக்டர் என்ன சொன்னார்? என்னிடம் மறைக்காதே."

கல் ஒரு மூலை, அடுப்பு ஒரு மூலை

இப்போது யோகன் மாமா. சொந்த மாமா இல்லை. என் சிநேகிதி சாருவின் அப்பா. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருக்கென்று அந்தக் காலத்தில் கட்டின பழைய செங்கல் வீடு ஒன்றை வாங்கி, தானே பூசி, தானே நிறம் அடித்தவர். வீடு முடிந்த கையோடு மாமி, சாரு இங்கிலீஷில் படிக்கட்டும் என்று அவளைக் கூட்டிக்கொண்டு லண்டனுக்குப் போய்விட்டா. ஜெர்மன் பாஸ்போட் கிடைத்த எங்கள் ஆட்கள் பாதிப்பேர் அப்படித்தான் போகிறார்கள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் நாங்கள் இரண்டு பேரும் இருந்த வாங்கு இப்போது முழுக்க எனக்கே சொந்தம். மாமா வேலைக்காகவும் வீட்டுக் கடனுக்காகவும் இங்கேயே நின்றுவிட்டார். கோடை லீவுக்கு வந்த சாரு, மழை பெய்த ஒரு பின்னேரம், "இந்த வீடு குளிருது அப்பா, கிறிஸ்மசுக்கு வரமாட்டன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த கிழமையே மாமா எங்கள் கடை வாசலில் நின்றார். கிறிஸ்மசுக்குள் நெருப்பு எரியவேண்டும். வேறு ஒன்றும் அவருக்குத் தெரியத் தேவையில்லை.

ஆனால் கடைக்கு வரமுதலே அவர் ஒரு வேலை செய்திருந்தார். டெலிபோன் காட் வாங்கி யாழ்ப்பாணத்துச் சாத்திரியாரோடு கதைத்து, வீட்டில் நெருப்பு இருக்கவேண்டியது தென்கிழக்கு, அக்கினி மூலை என்று அறிந்து, அங்கே பலகைத் தரையை வெட்டி, அடுப்பு நிற்பதற்குக் கறுப்புக் கல் பதித்துவிட்டார். பளிங்குபோல நல்ல கல். புகைக்கூடு ஏறுவதோ வடமேற்கு மூலையில். இவ்வளவையும் நான் ஜெர்மனில் விளங்கப்படுத்த, முதலாளி கல்லைப் பார்த்தார், புகைக்கூட்டைப் பார்த்தார், இரண்டு தரம் உறுமினார். "பழைய வீட்டில் மனிதர்தான் புகைக்கூட்டிடம் போகவேண்டும். அந்த யாழ்ப்பாணத்து ஐயாவால் அதை இந்தப் பக்கம் கூப்பிட முடியுமென்றால், எனக்கும் அவருடைய நம்பரைத் தரச் சொல்லு."

கொட்டிலுக்குள் மாஸ்டர்

அடுப்பு வடமேற்கில் ஏறியது. வெறுங்கல்லை மாமா வீணாக்கவில்லை. அதன்மேல் ஒரு சின்ன மேசையும் மேசையில் வயர் போனும் வைத்தார், நம்பர் காட்டாத பழைய போன். லண்டன் அழைப்பு வருகிற இடம் அதுதான்.

லண்டன் அழைப்பு கிழமைக்கு ஒருக்கா. என் அழைப்பு ஒவ்வொரு பின்னேரமும். மீன் மணக்குது என்று சண்டைக்கு வருகிற பக்கத்து வீட்டுக்காரி, பரிசு விழுந்திருக்கு என்று சொல்கிற பெண், கோயிலுக்கு நிதி சேர்க்கிற தலைவர், எல்லோரும் நான்தான். ஒருக்கா அவருடைய பின்வளவு விறகுக் கொட்டிலுக்குள் நின்றே ஹாண்டியில், அதாவது கைபோனில், எடுத்தேன். புகைக்கூடு பார்க்கிற மாஸ்டர் கதைக்கிறேன், உங்கள் கூரையில் நாரை கூடு கட்டியிருக்கிறது என்று புகார் வந்திருக்கிறது, வெளியே வந்து பாருங்கள் என்றேன். மனிசன் செருப்பில்லாமல் வளவுக்குள் ஓடிவந்து மேலே பார்த்துக்கொண்டு நிற்கிறார்; ஐந்தடி தள்ளிக் கொட்டிலுக்குள் என் வயிறு குலுங்குகிறது.

பிடிபட்ட பிறகு தேத்தண்ணி ஊற்றித் தந்தார். எனக்கு வராத குரல் ஏதும் இருக்கோ என்று கேட்டார். இல்லை என்றேன். கோப்பையைச் சுற்றிச்சுற்றிப் பார்த்துவிட்டு, "அப்ப ஒருக்காச் சாரு மாதிரிக் கதை பாப்பம்" என்றார். அது எனக்குச் சுகமான வேலை. எத்தனை வருசம் ஒரே வாங்கில் இருந்தோம், அவள் கடைசிச் சொல்லை இழுப்பது என் காதிலேயே இருக்கிறது. "அப்பாஆ, இந்த வீடு குளிருதூ" என்றேன். மாமா புரைக்கேறும்வரை சிரித்தார். அதற்குப் பிறகு தேத்தண்ணி ஊற்றும்போதெல்லாம் கேட்பார்: "எடி அபி, இண்டைக்குச் சாரு கதைக்கேல்லையோ?"

ஒரு ஆளுக்கு

ஜெர்மனியில் புகைக்கூடு மாஸ்டர் வந்து பார்த்துச் சரி சொல்லாமல் யாரும் காமீன் மூட்ட ஏலாது. கறுப்பு உடுப்பு, கறுப்புத் தொப்பி, தோளில் சுருட்டின தூரிகை. அவர் தந்த நேரம் சரியாக ராகுகாலத்தில் விழுந்தது. அதை மாற்றக் கேட்கச் சொல்லி மாமா கெஞ்சினார். ராகுவை ஜெர்மனில் எப்படிச் சொல்வது என்று யோசித்துவிட்டு நான் கேட்காமலே விட்டுவிட்டேன். மாமா தன்பாட்டில் ஒரு வழி பார்த்தார். விடிய நல்ல நேரத்தில் புது அடுப்புக்குள் ஒரு துண்டுக் கற்பூரத்தைக் கொளுத்தி, கதவுக்குத் திருநீறும் பூசிவிட்டார். மாஸ்டர் கதவைத் திறந்து மணந்து பார்த்து, இதை ஏற்கெனவே யார் மூட்டினது என்று கேட்டார். கடவுள் என்று நான் மொழிபெயர்த்தேன். அவர் குறட்டால் கற்பூரக் கரியை எடுத்து வெளியே வைத்தார்.

பிறகு விறகை மூட்டிவிட்டு, குசினியில் சமையல் அடுப்புக்கு மேலே இருந்த காற்று உறிஞ்சியைப் போடச் சொன்னார். மாமி வந்தால் மீன் பொரிப்பா என்று கடையிலேயே பெரிதாகப் பார்த்து மாமா வாங்கிப் பூட்டினது அது. போட்டதும் அது வீட்டுக் காற்றை இழுத்த இழுவையில் காமீன் புகை கூட்டுவழியே மேலே போகாமல் நாங்கள் நின்ற அறைக்குள் திரும்பி வந்தது. இப்படி விடமாட்டேன், ஜன்னல் திறந்தால்மட்டும் உறிஞ்சி ஓடுகிற மாதிரி ஜன்னலுக்கு ஒரு சுவிட்ச் பூட்டு, பிறகு வருகிறேன் என்றார் மாஸ்டர். குளிருக்குப் பயந்துதானே நெருப்பு வைக்கிறோம், மீன் பொரிக்க ஜன்னலையும் திறக்கவேணுமோ என்று மாமா என்னிடம் கேட்டார். மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உறிஞ்சியை இன்னொரு தரம் அண்ணாந்து பார்த்தார். இந்த வீட்டில் எத்தனை பேர் என்று விசாரித்தார். நான் மட்டும்தான் என்று மாமா சொன்னார். "ஒரு ஆளுக்கு இவ்வளவு காற்று எதற்கு?"

ஸ்டேசனில் நிக்கிறன்

சுவிட்ச் பூட்டியாயிற்று. மாஸ்டர் திரும்பி வந்து சரி சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குப் பின்னேரம் லண்டன் அழைப்பு வந்தது. சாருவுக்கு லீவு முடிந்ததும் பள்ளிச் சோதினையாம், கிறிஸ்மசுக்கு வரவில்லையாம். அதனால் என்ன, படி பிள்ளை, பறவாயில்லை என்று மாமா சொன்னார். போனை வைத்த பிறகு பறவாயில்லை என்று எனக்கும் ஒருக்காச் சொன்னார்.

கிறிஸ்மசுக்கு முதல் நாள் கடை நேரத்தோடு பூட்டியது. பூட்டிக் கொடுத்த அடுப்பு ஒழுங்காக எரிகிறதா என்று பார்க்கவேண்டும் என்று ஒரு சாட்டுச் சொல்லிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனேன். எங்கள் வீட்டில் அம்மாவும் அப்பாவும் வேலை. மாமா ஜன்னலை அகலத் திறந்துவிட்டு, ஜாக்கெட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு மீன் பொரித்துக்கொண்டிருந்தார். நெருப்பு நன்றாகத்தான் எரிந்தது. விறகு குறையுது, கொட்டிலில் இருந்து கொஞ்சம் எடுத்துவா பிள்ளை என்றார். நான் ஜாக்கெட்டை மாட்டி, பொரித்த மீனில் பெரிய துண்டொன்றை வாய்க்குள் போட்டுக்கொண்டு போனேன்.

நாடிவரைக்கும் விறகை அடுக்கிக்கொண்டு திரும்பி வர, போன் அடித்தது. மாமா எனக்கு முதுகு காட்டிக்கொண்டு கல்லுமேல் நின்று எடுத்தார். கொஞ்சம் கேட்டார். தோள் குலுங்கியது.

"ஓ, சாருவோ? எங்க, ஹம் ஸ்டேசனிலயோ நிக்கிறாய்? நல்லது, அங்கயே நில்லு. நல்ல காத்து வரும். இஞ்ச வந்தால் குளிருமெல்லோ."

நான் கொட்டிலில் நின்று சாரு மாதிரிக் கதைக்கிறேன் என்று நினைக்கிறார். எனக்கும் சிரிப்பு வந்தது, பிறகு நின்றுவிட்டது. நான் இங்கே நிற்கிறேன். அப்படியென்றால் அங்கே நிற்பது யார்? வாய்க்குள் மீன், சத்தம் வரவில்லை.

மாமா சுவரில் சாய்ந்தார். குரலும் இறங்கிவிட்டது. "சரி, இண்டைக்கு நீ சாருதானே. அப்ப கேள். பறவாயில்லை எண்டு சொன்னது பொய். கல்லுப் பதிச்சன், கூட்டுக்குள்ள குழாய் இறக்கினன், ஜன்னலுக்குச் சுவிட்ச் போட்டன். என்னத்துக்கு? நீ ஒருக்கா வந்திருந்து, குளிரேல்லை அப்பா எண்டு சொல்லத்தான். இப்ப நெருப்பு எரியுது, பாக்க ஆளில்லை."

என் கையில் இருந்து ஒரு கட்டை நழுவிப் பலகைத் தரையில் விழுந்தது. மாமா திரும்பினார். என் இரண்டு கையையும் பார்த்தார், நிறைய விறகு. என் வாயைப் பார்த்தார், நிறைய மீன். காதில் இருந்து போனை எடுத்து அதைப் பார்த்தார். உள்ளே ஒரு குரல், கடைசிச் சொல்லை இழுத்து, அப்பாஆ, அப்பாஆ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. இந்த முகத்தைத்தான் இவ்வளவு நேரமும் உங்களுக்கு வைத்திருந்தேன். அவர் போனுக்குள் கேட்டார்:

"அப்ப... நீ ஆர் பிள்ளை கதைக்கிறது?"

சாத்திரியாரைப் பிழை சொல்ல ஏலாது, அந்த வீட்டுக்குச் சூடு போன் இருந்த அக்கினி மூலையால்தான் வந்தது.