மண்டூர்த் துறையில் ஒரு சிவப்புத் தகரம்

மத்தியானம் ஒரு மணிக்கு மட்டக்களப்பில் கல்முனை பஸ் ஏறினேன். களுவாஞ்சிக்குடிக்கு நூற்றைம்பது ரூபா. ஜன்னலோர இருக்கை கிடைத்தும் சந்தோஷப்படத் தெம்பில்லை. இரண்டு நாளாக மாணவர்களின் ஒருவார வடிவமைப்பு வேலைகளைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போய், தூரத்துக்குப் போடும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டேன். ஊர்மக்கள் தினமும் கேட்கும் ஒரு கேள்விக்கு வடிவமைப்பால் பதில் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தேன். இருபது பேரில் பதினெட்டுப் பேர் மட்டக்களப்பின் சின்னமான பாடும் மீனை வரைந்திருந்தார்கள். ஒருவர் வெளிச்சவீடு. மிஞ்சிய ஒருத்தி தர்சிகா, "மண்டூர்த் துறையடிக்கு வந்து பாருங்க மிஸ்" என்று வெறும் தாளில் பேனாவால் எழுதி நீட்டிவிட்டாள்.

சக விரிவுரையாளர் பூச்சியம் போடச் சொன்னார். போட்டால் பிள்ளை இந்த வருடத்தை மறுபடி படிக்க வேண்டும். போய்ப் பார்த்துவிட்டுப் போடுகிறேன் என்று வீறாப்பாகச் சொன்ன வாயை வழிநெடுக நொந்துகொண்டேன்.

இரண்டரைக்குக் குருமண்வெளித் துறை. வாவியைக் கடக்க இங்கே பாதை ஓடுகிறது. ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றும் தட்டையான படகுக்கு இந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். வெயில் தண்ணீரில் பட்டு முகத்தில் அடித்தது. அக்கரையில் மண்டூர். அங்கே தர்சிகா குடையோடு காத்து நின்றாள்.

முதலில் அழகான நேர அட்டவணை ஒன்றை அச்சடித்துத் துறையில் மாட்டினாளாம். மூன்று நாள் இருந்து பார்த்திருக்கிறாள். ஒருவரும் படிக்கவில்லை.

"எல்லாரும் தண்ணியப் பாத்துக்கொண்டுதான் நிக்கிறாங்க மிஸ். என்ட அட்டவணைக்கு முதுகுதான் காட்டுறாங்க."

ஆட்கள் சேர்ந்தால்தான் பாதை புறப்படும். அதற்கு அட்டவணை எதற்கு? அவர்களுக்கு வேண்டியது ஒன்றுதான்: இதற்குப் பிறகு இன்னொன்று உண்டா? கடைசியை விட்டவர் பட்டிருப்புப் பாலம் சுற்றித்தான் போக வேண்டும். ஆகவே ஒரு தகரத்தின் ஒரு பக்கம் மஞ்சளும் மறுபக்கம் சிவப்பும் பூசி, பாதையின் முகப்பில் தொங்கவிட்டிருக்கிறாள். மஞ்சள் என்றால் இன்னும் வரும். சிவப்பு என்றால் இதுதான் கடைசி. படகோட்டி தகரத்தைத் திருப்பிவிடுவார்.

அவ்வளவுதானா என்றிருந்தது எனக்கு. எழுத்துரு இல்லை, கட்டமைப்பு இல்லை. எழுத்தே இல்லாத வேலைக்கு எதைப் பார்த்துப் புள்ளி போடுவது என்று கேட்டேன்.

"இந்த வெயிலுக்க அக்கரையில இருந்து எழுத்துத் தெரியாது மிஸ்."

பார்ப்போம் என்று மட்டும் சொன்னேன். அவள் முகம் சுருங்கியது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் வாதாடச் சக்தியில்லை.

ஐந்தே முக்காலுக்குத் துறையடித் தேநீர்க் கடையில் செருப்பைக் கழற்றிப்போட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் நாலைந்து பேர். பாதை வந்துகொண்டிருந்தது. எல்லோரும் எழுந்தார்கள். நானும் எழுந்து, தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஏன் ஓடுகிறேன் என்பது பாதித் தூரத்தில்தான் உறைத்தது: பாதையின் முகப்பில் சிவப்பு.

ஏறி மூச்சு வாங்கியபடி, கரையில் நின்ற தர்சிகாவிடம் எண்பது போடுகிறேன் என்றேன். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை போலும், இரண்டு தரம் கேட்டாள்.

கொழும்பில் நான் செய்து கொடுத்த அறிவிப்புப் பலகைகள் எத்தனையோ. அவற்றைப் பார்த்து யாராவது ஓடியிருப்பார்களா என்பது சந்தேகம். புள்ளித்தாளை எடுக்கப் பையைத் திறந்தேன். மூக்குக் கண்ணாடி மத்தியானம் வைத்த இடத்திலேயே, உறைக்குள் கிடந்தது.