உறையைத் தூக்கிக் காட்டுகிறவள்

நேற்று மகள் போனில் சிரித்துக்கொண்டே சொன்னாள். கல்லூரிக் காற்றுச் சுரங்கத்தில், அதாவது விமான மாதிரியை நிறுத்தி வேகக் காற்றில் சோதிக்கும் கூடத்தில், கழற்ற மறந்த மூடி ஒன்று பிய்த்துக்கொண்டு அவள் காதோரமாகப் பறந்ததாம். "ஒண்ணும் ஆகலம்மா. லேப்ல நான் மட்டும்தான் இருந்தேன்." அந்தக் கடைசி வார்த்தைதான் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

எண்பதுகளின் கடைசியில் குரோம்பேட்டையில் எனக்கும் இதே வேலைதான். தகரக் கொட்டகை, மெஷின் ஆயில் வாடை. ஜி.எஸ்.டி. ரோட்டுத் தூசி, விமான மாதிரியில் காற்றழுத்தம் அளக்கும் ஊசித்துளைகளை அடைத்துவிடும் என்று ரெக்சின் உறைகள் மாட்டியிருப்போம். கழற்றுகிறவர் உறையைக் கண்ணாடிச் சன்னலில் தூக்கிக் காட்டினால்தான் அந்தப் பக்கத்து ஆள் காற்று விசிறியின் ஸ்விட்ச் போடலாம். எங்கள் சார் போட்ட சட்டம்.

ஸ்விட்ச் எப்போதும் ஸ்டெல்லாவுக்கு. கற்பூரத் தட்டு காட்டுவதுபோல உறை காட்டுவது எனக்கு. இத்தனைக்கும் இருவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். உறையில் சிவப்புச் சடை ரிப்பன் தைத்தால் கண்ணில் படுமே என்று அவள் ஒருநாள் சொல்ல, சார் என் பக்கம் திரும்பி, "உனக்கு ஏம்மா இது தோணல?" என்றார். அன்று தாம்பரம் ரயிலில் அவளோடு பேசவில்லை. ரிப்பன் வாங்கிய கடைமேல்கூடக் கோபம்.

பிறகு எனக்கு மெட்ராஸ் ஐ வந்து லீவு போட்டேன். ஸ்டெல்லாவே உறை கழற்றி, ஸ்டெல்லாவே ஸ்விட்சும் போட்டிருக்கிறாள். மூக்கு உறையை எடுத்தவள் வால் உறையை மறந்துவிட்டாள். அது விசிறிக்குள் போய், விசிறியின் மர இறக்கை உடைந்து, தெறித்த சில்லு அவள் புருவத்தைக் கிழித்தது.

நான் திரும்பியபோது அவளைச் சுற்றிக் கூட்டம், ஹார்லிக்ஸ் பாட்டில். "தைரியமான பொண்ணு" என்றார் கேன்டீன் அண்ணன். ஒருநாளும் தப்பாமல் உறை காட்டிய எனக்கு ஒரு டீ உண்டா? அவள் புருவத்தில் போட்ட தையல்மீதுகூடப் பொறாமைப்பட்டேன் என்றால் நம்புவீர்களா?

"நீ இருந்திருந்தா இது நடந்திருக்காதுடி" என்றாள் ஸ்டெல்லா. "நான் எப்ப தப்பு பண்ணுவேன்னு கண்ணு கொட்டாம பாத்துகிட்டே இருப்பியே."

பொய்யில்லை.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது பைக் நிறுத்துகிறார்கள். மகளின் கல்லூரியில் சன்னலுக்கு அந்தப் பக்கம் ஆள் நிற்கும் வழக்கமும் போய்விட்டதாம். எல்லாம் கம்ப்யூட்டர், ஒருவரே போதுமாம். என் பெண்ணுக்கு எதிரே, வயிறெரிந்துகொண்டாவது ஒருத்தி நின்று பார்க்கக் கூடாதா.