செடியில் பூக்க விடாத அப்பா

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இன்று எங்களோடு அமர்ந்திருக்கும் உற்றார் உறவினருக்கும், அப்பாவின் ஆலை நண்பர்களுக்கும் மூத்த மகள் எழுதுவது.

அப்பா கொடைரோடு பக்கம் ஒரு மல்லிகைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். விடியுமுன் மொட்டுப் பறித்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவாராம். மொட்டாக இருக்கும்போதே பறித்துவிட வேண்டும், விரிந்துவிட்டால் சந்தையில் விலை போகாது என்பது அந்த வீட்டில் தாய்ப்பாலோடு ஊட்டிய பாடம். கிணறு வற்றித் தோட்டம் கைவிட்டுப் போனபோது அம்மாவையும், கைக்குழந்தையான என்னையும் அழைத்துக்கொண்டு திண்டுக்கல் வந்து நூற்பாலையில் சேர்ந்தார். தம்பி பிறந்தது இங்கேதான்.

வரும்போது ஒரு மல்லிகைப் பதியனை ஈரச்சாக்கில் சுற்றி எடுத்து வந்திருந்தார். அதைக் குடியிருந்த வீட்டு ஜன்னலோரம் நட்டார். இரவு ஷிப்ட் முடிந்து பஞ்சு படிந்த தலையோடு வருவார். முகம் கழுவியதும் மொட்டுகளைப் பறித்து அம்மாவின் மடியில் கொட்டுவார். பிறகுதான் காபி. எங்களுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட இரட்டை ஷிப்ட் பார்த்த நாட்களிலும் இது தவறியதில்லை. அம்மா பூ வைக்காமல் வாசலுக்கு வந்து நாங்கள் பார்த்ததில்லை.

ஆனால் அம்மாவுக்கு ஒரு குறை இருந்தது.

“நம்ம என்ன சந்தைக்கா கொண்டு போறோம்? ஒருநாள் செடியிலேயே விட்டு வைங்க. பூத்தா எப்படித்தான் இருக்குன்னு பாக்கணும்.”

“அம்புட்டுத்தானே? நாளைக்கு விட்டுர்றேன்” என்பார் அப்பா. மறுநாள் காலையில் செடி வெறும் இலையோடு நிற்கும். “கை கேக்க மாட்டேங்குதுடி” என்று அசடு வழிவார். வேறு எதைக் கேட்டாலும் மறுக்காத மனிதர், இந்த ஒன்றில் மட்டும் ஆயுசு முழுக்க அம்மாவை ஏமாற்றினார்.

கடைசி நாட்களில் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. பறிக்க ஆளில்லாமல் ஒரு சாயங்காலம் செடி முழுவதும் பூத்துவிட்டது. அம்மா ஜன்னலைத் திறந்து அவரைச் சாய்த்து உட்கார வைத்தார். அப்பா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இம்புட்டு அழகா இருக்குமா இது? தெரியாமப் போச்சே” என்றவர், அம்மாவின் கையைப் பிடித்தார். “ஆசை தீரப் பாத்துட்டேல்ல? இனிமே நீயே பறிச்சு வச்சுக்க. நான் இல்லைன்னாலும் வச்சுக்கணும், ஆமா.”

“செத்த நேரம் சும்மா இருக்க மாட்டீங்களா” என்று அம்மா சத்தம் போட்டார். அதே வாரம் அப்பா போய்விட்டார்.

கருமாதியன்று வழக்கப்படி அம்மாவின் தலையிலிருந்து பூவை எடுத்தார்கள். அதன்பின் மொட்டுகள் தினமும் செடியிலேயே பூத்து, உதிர்ந்தன. அம்மா செடியை நிமிர்ந்து பார்க்காமல் உதிர்ந்ததைக் கூட்டித் தள்ளுவார். அவர் கேட்டதெல்லாம் ஒரே ஒருநாள்தான்.

போன வாரம், அப்பாவின் அக்காவான பெரியத்தை வந்திருந்தபோது அப்பா கடைசியாகச் சொன்னதை அவரிடம் சொன்னேன். மறுநாள் விடிந்ததும் அத்தையே மொட்டுகளைப் பறித்துக் கட்டினார். கருமாதியில் பூவை எடுத்ததும் அவர் கைதான்.

“எந்தம்பி சொல்லிட்டுப் போனதை நான் மீறுவேனா? இங்க திரும்பு தாயி” என்றார். அம்மா அழுதுகொண்டே திரும்பினார்.

நோயில் உடனிருந்த அக்கம்பக்கத்தாருக்கும், எந்நேரம் கூப்பிட்டாலும் வண்டியோடு வந்து நின்ற ஆலை நண்பர்களுக்கும், சுமந்து சென்று வழியனுப்பிய சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

இதைப் படித்து நிமிரும்போது அம்மாவின் தலையில் மல்லிகை இருப்பதைப் பார்ப்பீர்கள். யாரும் முகம் சுளிக்க வேண்டாம். அது அப்பா வைத்துக்கொள்ளச் சொன்ன பூ. பறித்துக் கொடுத்த கைதான் இல்லை.