மாலை வேண்டாத படம்

இத்தாலியில், பலெர்மோ நகரின் வுச்சீரியாச் சந்தையில் மரக்கறி விற்ற பஞ்சாபிக்காரர், கடைச் சுவரில் ஒரு முதிய பெண்ணின் படத்தை மாட்டியிருந்தார். தன் பழைய ஊரில் பெண்பிள்ளைகளுக்கு முதன்முதலில் பள்ளிக்கூடம் நடத்தியவர் என்பார். காலையில் கடை திறந்ததும் தோள் துண்டால் முதலில் அதைத்தான் துடைப்பார்.

எங்கள் ஊர் வழக்கப்படி ஒருநாள் அந்தப் படத்துக்கு மாலை கொண்டுபோனேன். அவர் இத்தாலிய மொழியில் பொரிந்து தள்ளினார்.

"ஊரிலையும் வருசாவருசம் மாலை போடுகினம், ஐயா. அவ படிப்பிச்ச வீட்டை இடிக்கப் போறதும் அவைதான். டெலிபோனிலை கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு. உங்கட ஊரிலை எப்பிடி?"

என் ஆசிரியரின் நினைவுக் கூட்டங்களில் மாலையிட்டவன் நான். அவர் வீடு நிற்கிறதா என்று விசாரித்ததே இல்லை. வெட்கத்தில் மரக்கறி வாங்க வேறு கடைக்கு மாறினேன். அந்தப் பெண்மணியின் வீடு தப்பியதா என்று கடைக்காரரிடம் கேட்கவும் இல்லை.