ஹாரன் அக்காவின் சாதுவான கட்டி

டவுன் பஸ் ஓட்டும் அக்காவுக்கு டிப்போவில் வைத்த பெயர் ‘ஹாரன்’. வண்டியின் ஹாரன் பழுதான நாட்களில் தன் தொண்டையாலேயே தெருவை ஒதுக்கியவர். அப்பேர்ப்பட்ட தொண்டை வீட்டில் மட்டும் எடுபடவில்லை. மேல்வயிறு வலிக்கிறது என்று மாதக்கணக்கில் கத்தினார்.

“வாயு,” என்றார் கணவர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்து, ஊரார் பார்வையைத் திருத்துகிறவர்.

ஸ்கேனில் கணையத்தின் வால் பக்கம் ஒரு நீர்க்கட்டி தெரிந்தது.

“புத்துநோய் மாதிரி தெரியல. சாதுவான கட்டிதான்,” என்றார் அறுவை மருத்துவர்.

கணவர் எழுந்தே விட்டார். “அப்புறம் என்ன! வா, போலாம்.”

“உக்காருங்க சார். சாதுதான், ஆனா இந்த வகையை நம்ப முடியாது. விட்டுவச்சா பின்னால புத்துநோயா மாறலாம். கணையத்தோட வாலையும் சேத்து எடுத்துடணும். பக்கத்துல ஒட்டியிருக்கற மண்ணீரலைக் காப்பாத்தப் பாக்கறோம்.”

இதில் ‘சாது’ என்ற சொல்லை மட்டும் கணவர் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்தார். “சாதுவான கட்டிக்கு ஆப்பரேஷனா? நல்ல கூத்து!” என்று மாமியார் முகவாயில் கைவைத்தார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் காலையிலும் அக்காதான் வீடு பெருக்கி, மறுநாளுக்கும் சேர்த்துச் சமைத்தார். “என் சட்டைக்கு இஸ்திரி?” என்றார் கணவர்.

அக்காவுக்கு ஒரே ஓர் ஆசைதான். ஆயுளில் ஒருமுறை தான் படுக்கவேண்டும், மற்றவர்கள் பதறவேண்டும்.

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. மண்ணீரலும் தப்பியது. எடுத்ததை உறவுக்காரர்களுக்குக் காட்டுவது அங்கே வழக்கம். நர்ஸ் கதவைத் திறந்து தட்டை நீட்டினார். ஆரஞ்சுப் பழம் பருமனில் இருந்தது அந்தச் சாது. கணவர் வேரறுந்த மரம்போல் சாய்ந்தார்.

அறைக்குக் கொண்டுவந்தபோது அக்கா கண்விழித்தார். துணைக்கு இருப்பவருக்கான கட்டிலில் கணவர் மல்லாந்திருந்தார். மாமியார் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார்.

“நாக்கு ஒட்டுது... யாராவது பஞ்சை நனைச்சு உதட்டுல வைங்களேன்.”

“மெதுவாப் பேசும்மா. பாவம், ரத்தத்தப் பாத்துட்டான்.”

“யார் ரத்தத்த அத்தை?”

“உன்னால நான் பட்ட பாடு இருக்கே...” என்று முனகினார் கணவர்.

அக்கா மணியை அமுக்கிய அமுக்கில் நர்ஸ் ஓடிவந்தார். “என்னம்மா, வலிக்குதா?”

“வலிக்குது. டாக்டரக் கூப்பிடுங்க, இன்னொண்ணு பாக்கி இருக்கு.” ஊசி செருகிய கை பக்கத்துக் கட்டிலைக் காட்டியது. “இதுவும் சாதுதான். ஆனா விட்டுவைக்கக் கூடாதுன்னு டாக்டரே சொன்னார்.”

தையல் தெறிக்காதது மருத்துவரின் கைவண்ணம். அந்தக் குரல் வராந்தாவின் கடைசிவரை கேட்டது.

நர்ஸ் பஞ்சை நனைத்தார். பிறகு கணவர் பக்கம் திரும்பி அதை நீட்டினார்.

“சார், எந்திரிங்க. இந்தாங்க, நீங்களே வச்சு விடுங்க.”